சிப்பியுணவும் கடற்பாசியின் பருவமும்

எழுமலையைச் சூழ்ந்த சிற்றூர்களிலிருந்து வந்து கல்வி பயிலும் நம் மாணவர், கண்மாய்ப் பாசியை நன்கு அறிவர். பங்குனி சித்திரையில் நீர் சுருங்கி வெயில் ஏற ஏறப் பச்சை படர்கின்றது. மாரி பெய்து நீர் பெருகியதும் அது மறைகின்றது. அப்பாசிகளுட் சில கால்நடைகட்கு நஞ்சாதலும் உண்டு. பாசிக்கும் பருவம் உண்டு என்பதற்கு இதனினும் எளிய பாடம் வேண்டுவதில்லை. கடலிலும் இந்நியதியே நடைபெறுகின்றது. ஆயின் ஆண்டுள்ள சில பாசிகளின் பருவம் சிப்பி உண்பாருடைய உயிரோடு தொடர்புடையதாதலின், அதனை ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

1981 ஆம் ஆண்டிலே கல்பாக்கத்தையடுத்த வயலூரில் மட்டிக் கறி உண்டவருள் 85 பேர் மருத்துவமனை சேர்ந்தனர், மூவர் இறந்தனர். 1997 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், மலைத்தொடருக்கு அப்பால் திருவனந்தபுரத்தைச் சார்ந்த விழிஞத்தில் பாறைச் சிப்பி உண்டு எழுவர் உயிர் நீத்தனர். நோயுற்று மருத்துவமனை சேர்ந்தோர் 500 பேருக்கு மேற்பட்டனர். இறந்தோர் அழுகிய உணவை உண்டாரல்லர். அன்று பிடித்து அன்று சமைத்ததும் இந்நஞ்சு உடையதாகலாம். அங்ஙனமாயின் நஞ்சு எங்கிருந்து வந்தது?

கடல்நீரில் கண்ணுக்குப் புலனாகாத நுண்பாசிகள் எண்ணிறந்தன மிதக்கின்றன. அவற்றுள் இரண்டு நுண்ணிழைகளாற் சுழன்று நீந்தும் வகையொன்று உண்டு. அவ்வகையைச் சார்ந்த அலெக்ஸாண்டிரியம் முதலிய சில, சாக்ஸிடாக்ஸின் என்னும் கொடிய நஞ்சை ஆக்குகின்றன. சிப்பியும் மட்டியும் இரைதேடி அலைவனவல்ல; இருந்த இடத்திலேயே நீரை உள்ளிழுத்து, அதிலுள்ள நுண்ணுயிர்களை வடிகட்டி உண்பன. ஆகவே நீரிற் சிதறிக் கிடந்த நஞ்சு சிப்பியின் தசையிற் சிறிது சிறிதாகத் திரள்கின்றது. அதனாற் சிப்பிக்கு வெளிப்படையான கேடு பெரும்பாலும் இல்லை. உண்ட மனிதனையே அது தாக்குகின்றது.

இனிப் பருவத்தைக் காண்போம். பாசி தழைக்க ஒளியும் உரமும் அமைதியான நீரும் வேண்டும். மேலைக் கடற்கரையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசுங்கால், ஆழத்திலுள்ள குளிர்ந்த நீர் உரச்சத்துக்களோடு மேலெழுகின்றது. மழை தணிந்து வெயில் தோன்றுங்கால் பாசிக்கு நற்காலம் வாய்க்கின்றது. விழிஞத்துத் துன்பம் செப்டம்பரில் நேர்ந்தது இதனோடு பொருந்துவதே. கீழைக் கரையிலோ அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்கு மாரியில் ஆறுகள் உரத்தைக் கடலுக்குக் கொணர்கின்றன. வெள்ளம் மிக்க ஆண்டுகளில் வைகையும் குண்டாறும் மதுரைப் புறத்து வயல்களின் உரத்தையும் ஊர்களின் கழிவையும் உடன்கொண்டு செல்லுதலின், கடல் நமக்குத் தொலைவிலுள்ளதென்று நாம் வாளாவிருத்தற்கில்லை. மேலும் இப்பாசிகளுட் பல, காலம் தகாதபொழுது தடித்த உறைக்குள் ஒடுங்கிக் கடலடிச் சேற்றில் உறங்கும். பருவம் வாய்த்தவுடன் மீண்டும் முளைத்தெழும். ஒருமுறை கண்ட இடத்திற் பின்னரும் காண்டற்கு இதுவும் ஒரு காரணமாம்.

ஐரோப்பியரிடத்து ஒரு பழைய வழக்குண்டு. ஆங்கிலப் பெயரில் 'ஆர்' என்னும் எழுத்தில்லாத மே, ஜூன், ஜூலை, ஆகஸ்டு ஆகிய நான்கு மாதங்களிலும் சிப்பி உண்ணலாகாது; ஏனைய மாதங்களில் உண்ணலாம் என்பர். இதனை நம் கரைக்கும் பொதுவிதியாகக் கொள்ளின் பெரும்பிழையாகும். விழிஞத்தில் எழுவரைக் கொன்ற செப்டம்பர், அவ்வெழுத்துடைய மாதமே அன்றோ? இப்பாசிக்கும் சிப்பி நஞ்சுக்கும் உள்ள தொடர்பை ஸாமர் என்பாரும் அவர்தம் துணைவரும் 1937 இல் வெளியிட்ட கலிபோர்னியா நாட்டிலும், பாறைச் சிப்பி எடுத்தலை மே முதல் அக்டோபர் இறுதிவரை ஆண்டுதோறும் தடுக்கின்றனர். ஆகவே ஒவ்வொரு கரைக்கும் அதனதன் பஞ்சாங்கம் உண்டு. ஒரு நாட்டின் விதியை மற்றொரு நாடு ஆராயாது ஏற்றல் அறிவுடைமையன்று.

நிறத்தைக் கண்டு நஞ்சை அறியலாமோ எனின், அதுவும் இயலாது. மண்டபம், பாம்பன் மீனவர் பூங்கோரை என்று வழங்கும் நாக்டிலூகா பரவினால் கடல் பச்சையாகும். இரவில் அலை ஒளிவிடும். 2008 ஆம் ஆண்டு அக்டோபரில் மன்னார் வளைகுடாவில் அது பெருகியபொழுது மீன்கள் இறந்து மிதந்தன; பவளப் பாறைகளும் கேடுற்றன. எனினும் அது நீரின் பிராணவாயுவைக் குறைத்தும் அம்மோனியாவைப் பெருக்கியும் கொல்வதேயன்றி, மேற்கூறிய சிப்பி நஞ்சை ஆக்குவதன்று. நஞ்சுடைய பாசியோ, நீரின் நிறம் சிறிதும் மாறாத அளவிலிருக்கும்பொழுதே சிப்பியைக் கெடுக்க வல்லது. கண்ணுக்குத் தோன்றும் அச்சம் ஒன்று. உயிருக்கு நேரும் அச்சம் வேறு.

இந்நஞ்சு கொதிக்க வைப்பினும் அழியாது. சுவையிலும் மணத்திலும் புலப்படாது. உண்டபின் சில நிமிடங்கள் முதல் சில மணி நேரத்திற்குள் உதடும் நாவும் விரல்நுனியும் மரத்துப்போம். பின்னர்க் கைகால் தளர்ந்து, இறுதியில் மூச்சு அடங்கும். இதற்கு மாற்று மருந்தில்லை. ஆயினும் செயற்கை முறையில் மூச்சை நிலைநிறுத்தின், நஞ்சு உடலினின்று நீங்குமளவும் உயிரைக் காக்கலாம். ஆதலின் உதடு மரத்தது என்று சொல்லுங்கணமே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும்; கைமருந்து செய்து காலங்கடத்தலாகாது.

காவல் யாதெனின், சோதனையே. ஒரு கிலோ சிப்பித் தசையில் 800 மைக்ரோகிராம் அளவுக்கு மேல் இந்நஞ்சு இருப்பின் விற்றலாகாது என்பது பல நாடுகளில் வழங்கும் வரம்பு. சிப்பி எடுக்கும் கழிமுகங்களில் நீரையும் தசையையும் ஆண்டு முழுவதும் முறையாகச் சோதித்து, வரம்பு மிகின் அவ்விடத்தை மூடி, நஞ்சு தணிந்தபின் திறத்தலே தக்க வழி. பருவம் அறிதல் சோதனையை எப்பொழுது மிகுவிக்க வேண்டும் என்பதைக் காட்டும், சோதனைக்குப் பதிலாகாது.

விடுமுறையிற் கடற்கரை செல்லும் நம் மாணவர், தாமே பாறையிற் பெயர்த்த சிப்பியைச் சுட்டுண்ண விரும்புதல் இயல்பே. அங்ஙனம் செய்யுமுன் அவ்வூர் மீனவரையும் மீன்துறையாரையும் உசாவுக. ஐயமிருப்பின் உண்ணாது விடுக. விலங்கியலும் தாவரவியலும் பயில்வோர் தேர்வுக்காக மட்டும் பயிலாது, இத்தகைய காவற்பணிக்கும் தம்மை ஆயத்தம் செய்துகொள்வாராயின், வயலூரிலும் விழிஞத்திலும் நேர்ந்தது பிறிதோரூரில் நேராது காக்க அக்கல்வி உதவும்.