கண்ணுக்குப் பின்னால்

செங்கம்

அன்பு மகளுக்கு,

பெங்களூரில் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்த செய்தி வந்தது. கூடவே ஒரு தயக்கத்தையும் எழுதியிருக்கிறாய். மூளையின் பார்வைப் புறணியைப் பற்றிப் பணக்கார நாடுகளில் கோடிக்கணக்கில் செலவழித்து ஆராய்கிறார்களே, செங்கத்துப் பெண் நான் புதிதாக என்ன கேட்டுவிடப் போகிறேன் என்கிறாய். உன் பெரியம்மா கண் மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள், ஆராய்ச்சியாளர் இல்லை. ஆனால் ஜவ்வாது மலை முகாம்களில் பார்த்த பிள்ளைகளை நினைத்தே இந்தத் துறையை இன்றுவரை விடாமல் படிக்கிறேன்.

கண்புரையோடு பிறந்த பிள்ளையைச் சில வீடுகளில் ஏழெட்டு வயதில்தான் கூட்டிவருவார்கள். ஆபரேஷன் முடியும், கண்ணாடியும் போடுவோம். அப்போதும் எதிரே இருப்பது இன்னதென்று சொல்லப் பிள்ளை தடுமாறும். ஆபரேஷன் சரியாக ஆகவில்லையா என்று தாய் பதறுவாள். கோளாறு கண்ணில் இல்லை, பின்மண்டையில் உள்ள பார்வைப் புறணியில் இருக்கிறது. டேவிட் ஹியூபெலும் டோர்ஸ்டன் வீசலும் 1963இல் காட்டியது அதைத்தான். பிறந்த பூனைக்குட்டியின் ஒரு கண்ணை இரண்டு மூன்று மாதம் மூடிவைத்துத் திறந்தார்கள். கண் நன்றாகவே இருந்தது; புறணியின் நரம்பணுக்களோ அந்தக் கண்ணை ஏறக்குறைய மறந்துவிட்டிருந்தன. வளர்ந்த பூனைக்கு அப்படி ஆகவில்லை. 1981இல் இருவருக்கும் நோபல் பரிசு வந்தது. கைக்குழந்தைக்குக் கண்புரை என்றால் நாள் கடத்தாதீர்கள் என்று நாங்கள் விரட்டுவதன் பின்னால் அந்தக் குட்டிகளும் இருக்கின்றன. விலங்குகளை வைத்துச் செய்யும் சோதனை மனதை உறுத்துகிறது என்றாயே, உறுத்தட்டும். உறுத்தல் இல்லாதவர் கையில் அந்த வேலை போகக் கூடாது.

இனி உன் தயக்கத்துக்கு வருகிறேன். பார்வை பற்றி ஆராயும் பவன் சின்ஹா, டெல்லி ஐ.ஐ.டி.யில் படித்து, அமெரிக்காவில் எம்.ஐ.டி. பேராசிரியர் ஆனவர். அங்கே எல்லாக் கருவியும் இருந்தும், மூளை பார்க்கக் கற்பது எப்படி என்று அவர் தேடிய விடைக்கு டெல்லிக்குத்தான் திரும்பி வரவேண்டியிருந்தது. பார்வை இல்லாமலே வளர்ந்து தாமதமாகச் சிகிச்சை பெறும் பிள்ளைகள் பணக்கார நாடுகளில் அநேகமாக இல்லை. அவருடைய பிரகாஷ் திட்டத்தில் முதலில் சிகிச்சை, பிறகுதான் ஆராய்ச்சி. கையால் தடவி அறிந்த பொருளை, பார்வை வந்ததும் கண்ணாலேயே அடையாளம் காண முடியுமா என்று 17ஆம் நூற்றாண்டில் மோலினூ என்ற சிந்தனையாளர் கேட்ட கேள்விக்கு, 8 முதல் 17 வயது வரையிலான ஐந்து பேரிடம் சோதித்து 2011இல் விடை சொன்னார்கள். உடனே முடியவில்லை, சில நாட்களிலேயே தேறினார்கள். காலம் கடந்தால் வீண் என்ற எண்ணம் மருத்துவர்களிடம் வலுவாக இருந்த இடத்தில், அந்தச் ‘சில நாட்கள்’ எவ்வளவு பெரிய செய்தி! கூர்மை முழுதாகத் திரும்புவதில்லை என்பதும் உண்மைதான். ஆனாலும் சின்ஹா குழுவின் வேறொரு சோதனையில், அசையாத படத்தைத் துண்டு துண்டாகப் பார்த்தவர்கள், உருவம் அசைந்ததும் அதை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். புறணி எப்படிக் கற்கிறது என்பதற்கு இதைவிட நல்ல தடயம் வேண்டுமா?

நீ போகும் பெங்களூரிலேயே, இந்திய அறிவியல் கழகத்தில் எஸ்.பி. அருணின் குழு தெலுங்கு படிப்பவர்களையும் மலையாளம் படிப்பவர்களையும் ஒப்பிட்டு, எழுத்தறிவு பார்வையை எப்படி மாற்றுகிறது என்று கண்டது. ஒருவருக்குத் தெரிந்த எழுத்து மற்றவருக்குக் கோலம் மட்டும். இத்தனை எழுத்துமுறைகள் புழங்கும் நாட்டில் இருப்பவருக்குத்தான் இப்படி ஒப்பிடத் தோன்றும். நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மாணவராக இருந்தபோதே பார்வை பற்றிய கட்டுரையை நேச்சர் இதழில் வெளியிட்டார். ஆகவே கருவியைப் பார்த்து மலைக்காதே. நீ பிறந்த இடம் உனக்குக் கேள்வி தரும்.

ஆனால் கணக்கைத் தள்ளிப்போடாதே. நரம்பணுவின் துடிப்புகளிலிருந்து பொருள் எடுப்பது பெரும்பாலும் புள்ளியியல் வேலை. முதல் ஆண்டிலேயே அதில் கை தேர்ந்துவிடு. வழிகாட்டியை முடிவு செய்யுமுன், அவரிடம் படித்து முடித்தவர்களிடமும் பாதியில் விட்டவர்களிடமும் பேசு. பாதியில் விட்டவர்கள் சொல்வதை இரண்டு முறை கேள். சோதனைக்கு ஒரு பிள்ளை வந்து உட்கார்ந்தால், களைத்துவிட்டதா என்று பார்த்து நீயே நிறுத்து. அது தானாகச் சொல்லாது.

ஐந்தாறு ஆண்டு ஆகும். கண் டாக்டருக்கே படித்திருக்கலாமே என்று வீட்டில் புலம்புவது என் காதிலும் விழுகிறது. உன் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீ சேரும் தேதியை மட்டும் எழுது.

அன்புடன்,
பெரியம்மா