அதட்டாமலே 489 வெற்றிகள்

அடியாத மாடு படியாது என்பார்கள். விளையாட்டுத் திடலில் இந்தப் பழமொழிக்கு இன்னும் மவுசு குறையவில்லை. உடலோடு உடல் மோதும் அமெரிக்கன் ஃபுட்பாலில் கேட்கவே வேண்டாம். வாட்டி எடுத்தால்தான் வெற்றி என்று நம்புகிறவர்கள் ஏராளம். 64 பருவங்கள் கல்லூரி அணிகளைப் பயிற்றுவித்து, அந்த நம்பிக்கையைப் பொய்யாக்கியவர் ஜான் கலார்டி.

தவறான நம்பிக்கை: அதிக வெற்றி கண்ட பயிற்சியாளர் என்றால், தொலைக்காட்சியில் தெரியும் பெரிய பல்கலைக்கழகத்துக்காரராகத்தான் இருப்பார்.

உண்மை: மினசோட்டா மாநிலத்தின் காலேஜ்வில்லில், பெனடிக்ட் சபைத் துறவிகள் நிறுவிய சிறிய கல்விக்கூடம் செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகம். கல்லூரி விளையாட்டுப் போட்டிகளில் அது ஆடும் மூன்றாம் பிரிவில், விளையாட்டுக்காக உதவித்தொகை தந்து ஆட்களைச் சேர்க்க விதி இடம் தராது. மொன்டானாவின் கரோல் கல்லூரியில் நான்கு பருவங்கள் பணியாற்றிவிட்டு 1953இல் செயின்ட் ஜான்ஸுக்கு வந்த கலார்டி, 2012 வரை வேறெங்கும் போகவில்லை. மொத்தக் கணக்கு: 489 வெற்றி, 138 தோல்வி, 11 சமன். கல்லூரி ஃபுட்பாலில் இத்தனை வெற்றி கண்ட பயிற்சியாளர் வேறு யாரும் இல்லை.

தவறான நம்பிக்கை: தான் பட்ட கஷ்டத்தை மாணவனும் பட வேண்டும், அதுதான் பயிற்சி.

உண்மை: 1943இல் கொலராடோவின் டிரினிடாட் ஊரில், உயர்நிலைப் பள்ளி அணியின் பயிற்சியாளர் போருக்கு அழைக்கப்பட்டார். அணித் தலைவனாக இருந்த 16 வயது கலார்டி அந்தப் பொறுப்பை ஏற்றான். பயிற்சியின்போது தண்ணீர் குடிப்பதே பலவீனம் என்று கருதிய காலம் அது. தன்னை வதைத்தவற்றையெல்லாம் அந்தச் சிறுவன் முதலில் நீக்கினான். தாகமெடுத்தவன் தண்ணீர் குடித்தான். உடலை வருத்தும் பயிற்சிகள் நின்றன. பட்டதைத் திருப்பிக் கொடுக்காமல் நிறுத்திவிடுவதற்கு எவ்வளவு தெளிவு வேண்டும்!

தவறான நம்பிக்கை: தினமும் மோதிப் பழகாவிட்டால் ஆட்டத்தில் உறுதி வராது.

உண்மை: பந்தோடு ஓடுபவரைப் பிடித்துத் தரையில் சாய்ப்பதை டேக்கிள் என்பார்கள். கலார்டியின் பயிற்சியில் அதற்கு இடமில்லை. விசில் இல்லை, பயிற்சி ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டாது. ஒவ்வொரு ஆட்ட நகர்வையும் பிழையில்லாமல் வரும்வரை திரும்பத் திரும்பச் செய்தார்கள். காயமில்லாத உடலோடு அணி களத்துக்கு வந்தது. 1965 தேசிய இறுதிப் போட்டியில் லின்ஃபீல்ட் அணியை 33-0 என வென்றது. பல பத்தாண்டுகள் கழித்து, தலைக்காயங்களைப் பற்றிய கவலை பெருகிய பிறகு, 2010இல் டார்ட்மவுத் கல்லூரி பயிற்சியில் டேக்கிளை நிறுத்தியது. 2016இல் அந்தக் கல்லூரி ஆடும் ஐவி லீக் முழுவதுமே பருவகாலப் பயிற்சிகளில் அதற்குத் தடை போட்டது.

தவறான நம்பிக்கை: எட்டி நின்றால்தான் மரியாதை.

உண்மை: ‘கோச்’ என்று கூப்பிட வேண்டாம், ‘ஜான்’ என்றால் போதும் என்று தன் மாணவர்களிடம் சொன்னார். ஆட வந்தவர் யாரையும் அணியிலிருந்து கழித்துவிடவில்லை. அதற்காக யாரும் அவரை இளக்காரமாக நினைத்ததில்லை. அவருடைய சொல்லுக்கு அணி கட்டுப்பட்டது.

தவறான நம்பிக்கை: வயதானால் பழைய முறைகள் செல்லாது.

உண்மை: 1963, 1965, 1976 ஆண்டுகளில் தேசியப் பட்டம் கிடைத்தது, அடுத்ததற்கு 27 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. அப்போதும் முறையை மாற்றி மிரட்டலுக்குத் திரும்பவில்லை. 2003 நவம்பரில், 77 வயதில், பெத்தெல் அணியை 29-26 என வென்று 409ஆவது வெற்றியை எட்டினார். கிராம்ப்லிங் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் எடி ராபின்சன் வைத்திருந்த 408 வெற்றிச் சாதனை முறிந்தது. அடுத்த மாதமே, தொடர்ந்து 55 ஆட்டங்களை வென்றிருந்த மவுன்ட் யூனியனை 24-6 என வீழ்த்தி நான்காவது பட்டத்தையும் பெற்றார்.

2018இல், 91 வயதில் அவர் மறைந்தார். மூன்றாம் பிரிவின் தலைசிறந்த வீரருக்கு 1993 முதல் அவர் பெயரில் விருது தரப்படுகிறது. அதற்கு ஆட்டத்திறன் மட்டும் போதாது. படிப்பையும் ஊருக்குச் செய்த தொண்டையும் சேர்த்தே பார்க்கிறார்கள். மாணவனை முழு மனிதனாகப் பார்த்தவரின் பெயருக்கு அதுவே பொருத்தம்.