கருவும் தாயும் பேசும் முதல் நாள்கள்

பசுவுக்குச் சினை ஊசி போட்ட நாளிலிருந்து உழவர் குடும்பம் நாள்களை எண்ணத் தொடங்குகிறது. ஏறத்தாழ 21ஆம் நாளில் பசு மீண்டும் பருவத்துக்கு வந்து கத்தினால், சினை நிற்கவில்லை என்பது பொருள். மறுபடியும் ஊசி, மறுபடியும் காத்திருப்பு. கன்று ஈன்றால்தான் பால். சினைக்காலமோ ஏறத்தாழ 280 நாள்கள். ஒன்றிரண்டு மாடுகளை நம்பி வாழும் குடும்பத்துக்குத் தவறிய சினை ஒவ்வொன்றும் பேரிழப்பாகும். 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 19 கோடிக்கும் மேற்பட்ட மாடுகளும் ஏறத்தாழ 11 கோடி எருமைகளும் உள்ளன. எனவே இது நாடு தழுவிய சிக்கல்.

பல பசுக்களில் கரு உருவாகிவிடுகிறது. ஆயினும் முதல் மூன்று வாரங்களுக்குள் அழிந்துவிடுகிறது. மனிதக் கரு ஏறத்தாழ ஒரு வாரத்தில் கருப்பைச் சுவரில் பதியத் தொடங்கும். பசுவின் கருவோ மூன்று வாரம் அளவும் ஒட்டாமல் மிதக்கிறது. 7ஆம் நாளில் அது மணற்பொடி போன்ற சிறு கோளம். இரண்டாம் வார இறுதியில் நூல்போல் நீளத் தொடங்கி, சில நாள்களில் பல சென்டிமீட்டர் வளர்கிறது. அப்போது இன்டர்ஃபெரான் டௌ என்னும் புரதத்தைச் சுரக்கிறது. தான் இருப்பதைத் தாய்க்கு அறிவிக்கும் செய்தி அது. செய்தி கிட்டினால், சினைப்பையிலுள்ள மஞ்சள் உடலம் நிலைத்து நின்று, சினையைக் காக்கும் புரோஜெஸ்டிரோனைத் தொடர்ந்து சுரக்கும். கிட்டாவிடில் மஞ்சள் உடலம் சுருங்கிவிடும்.

உயிருள்ள பசுவினுள் நிகழும் இவ்வுரையாடலை நேரில் காண்பது அரிது. கருப்பைச் செல்களைத் தட்டில் பரப்பி வளர்த்தால், அவை தம் இயல்பை விரைவில் இழக்கின்றன. இக்குறையை நீக்க வந்ததே ‘ஆர்கனாய்டு’ எனப்படும் நுண்ணுறுப்பு. 2009இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் எலியின் குடற்குருத்தணுக்களிலிருந்து இதனை வளர்த்துக் காட்டினர். 2017இல் மனிதக் கருப்பை உட்சுவரின் நுண்ணுறுப்பு வந்தது. பின்னர்ப் பசுவுக்கும் அம்முறை பயன்பட்டது. கருப்பை உட்சுவரின் சுரப்பிகளைப் பிரித்தெடுத்து, புரதக் கூழில் பதித்து, வளர்ச்சிக் காரணிகளை ஊட்டுவர். சில நாள்களில் அவை உள்ளீடற்ற சிறு கோளங்களாகத் திரள்கின்றன. அவற்றுக்குப் புரோஜெஸ்டிரோனையும் இன்டர்ஃபெரான் டௌவையும் அளித்து, எந்த மரபணு விழிக்கிறது, எது அடங்குகிறது என்று ஆராய்வர். 2023இல் அமெரிக்க ஆய்வாளர்கள், முட்டையும் விந்துவும் இன்றிப் பசுவின் குருத்தணுக்களைக் கொண்டே தொடக்கநிலைக் கருவை ஒத்த மாதிரியையும் உருவாக்கினர்.

இத்துறைக்கு வேண்டிய அறிவு வளரும் நகரங்களுள் ஹைதராபாத்தும் ஒன்று. 1977இல் தோன்றிய உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம் அங்குள்ளது. அதன் முயற்சியால் 2006இல் செயற்கை முறைக் கருவூட்டலில் புள்ளிமான் குட்டி ஒன்று பிறந்தது. கால்நடைகளுக்கென்றே 2010இல் தேசிய விலங்கு உயிர்த்தொழில்நுட்ப நிறுவனம் அந்நகரில் நிறுவப்பெற்றது. மானின் கருப்பை வேறு, பசுவின் கருப்பை வேறு, எருமையின் கருப்பை வேறு. ஆகவே ஒவ்வோர் இனத்துக்கும் அதற்கே உரிய மாதிரி வேண்டும். பால் வளத்தில் எருமைக்குப் பெரும்பங்குள்ள நம் நாட்டுக்கு இது மிகவும் இன்றியமையாதது.

எனினும் மாதிரி மாடாகிவிடாது. நுண்ணுறுப்பில் குருதி ஓட்டம் இல்லை. மஞ்சள் உடலமும் இல்லை. கருப்பையில் நீள்வதுபோல் கரு தட்டில் முழுமையாக நீள்வதும் இல்லை. ஆதலால் கிடைத்த விடையை இறுதியில் உயிருள்ள பசுவில்தான் சரிபார்க்க வேண்டும். ஆனால் நூறு ஐயங்களுள் தொண்ணூற்றை ஆய்வகத் தட்டிலேயே தீர்த்துக்கொள்ள முடிந்தால், எத்தனையோ பசுக்கள் துன்பத்திலிருந்து தப்பும். உழவரின் காத்திருப்பும் குறையும்.

சொற்பொருள்
குருத்தணு – பலவகைச் செல்களாக மாறவல்ல அடிப்படைச் செல்
உள்ளீடற்ற – உள்ளே வெறுமையான
இன்றியமையாதது – இல்லாமல் முடியாதது

வினாக்கள்
1. கரு தன் இருப்பைத் தாய்க்கு எவ்வாறு அறிவிக்கிறது?
2. ஒவ்வோர் இனத்துக்கும் தனி மாதிரி வேண்டுவது ஏன்?
3. ‘மாதிரி மாடாகிவிடாது’ – விளக்குக.
4. பிரித்து எழுதுக: இவ்வுரையாடல், அந்நகரில்.