இதயத்தின் நலம் கண்ணிலும் தெரியும்

கண் மங்கினால் நாம் முதலில் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிறோம். அப்போதும் தெளியாவிட்டால், "வயதாகிறது, புரையாக இருக்கும்" என்று சொல்லிக்கொள்கிறோம். பல நேரங்களில் அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் கண்புரை மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெதுவாக வளர்வது. பார்வை திடீரென்று மாறினால், அதுவும் வலியே இல்லாமல் மாறினால், அதற்கான காரணம் இதயத்திலோ கழுத்தில் ஓடும் ரத்தக்குழாயிலோ இருக்கக்கூடும். உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு, ரத்தத்தில் அதிகக் கொழுப்பு, சீரற்ற இதயத்துடிப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ இருந்தால், இதைக் கடைசிவரை படியுங்கள்.

கண்ணுக்குள் ஓடும் ரத்தக்குழாய்கள்

கண்ணின் உட்புறத்தில், பின்சுவரை ஒட்டி மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. அதுதான் விழித்திரை. நாம் காணும் காட்சி ஒளியாக அதன்மீது விழுகிறது. விழித்திரை அதை நரம்பின் வழியாக மூளைக்கு அனுப்புகிறது. அளவில் சிறியதாக இருந்தாலும், உடலில் மிக அதிகமாக ஆக்சிஜனைச் செலவிடும் பகுதிகளில் இதுவும் ஒன்று. விழித்திரையின் உட்பகுதிக்கு ரத்தம் கொண்டுவருவது பெரும்பாலும் ஒரே ஒரு தமனி. பெரும்பாலோருக்கு அது அடைத்துக்கொண்டால் மாற்று வழி கிடையாது.

அந்தத் தமனி எங்கிருந்து வருகிறது தெரியுமா? தாடைக்குக் கீழே, கழுத்தின் பக்கவாட்டில் மெதுவாக விரலை வைத்தால் துடிப்பு தெரியும். அங்கே ஓடும் பெரிய ரத்தக்குழாயின் கிளைகளே மூளைக்கும் கண்ணுக்கும் போகின்றன. ஆகவே கழுத்துக் குழாயிலோ இதயத்திலோ கிளம்பும் ரத்தக்கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். கண்ணுக்குப் போனால் பார்வை இழப்பு.

ரத்தக்குழாய்களை உடலை அறுக்காமலேயே மருத்துவர் மிகத் தெளிவாகப் பார்க்கக்கூடிய இடமும் விழித்திரைதான். பல ஆண்டுகள் கட்டுப்பாடின்றி இருந்த உயர் ரத்த அழுத்தம் அங்கே தடம் பதித்திருக்கும். மெல்லிய தமனிகள் சுருங்கி, தடித்து, தங்களைக் குறுக்கே கடக்கும் சிரைகளை அழுத்திக்கொண்டிருக்கும். நிலைமை முற்றினால் சிறு ரத்தக்கசிவுகளும், பஞ்சு ஒட்டியதுபோன்ற வெண்புள்ளிகளும் தெரியும். கண்ணில் இப்படி இருந்தால், சிறுநீரகத்திலும் இதயத்திலும் உள்ள குழாய்களும் அதே அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன என்று மருத்துவர் ஊகிப்பார். கண் பரிசோதனைக்குப் போனவரை, "முதலில் உங்கள் ரத்த அழுத்தத்தைப் பாருங்கள்" என்று திருப்பி அனுப்புவது இதனால்தான். அலைக்கழிப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

சிங்கப்பூரில் பெரியவர்களில் மூவரில் ஒருவருக்கும் மேற்பட்டோருக்கு உயர் ரத்த அழுத்தம் இருக்கிறது. அது வலிக்காது. கண்ணில் தடம் பதிக்கும்போதும் தொடக்கத்தில் பார்வை குறையாது. "எனக்குத் தலைசுற்றல் எதுவும் இல்லையே, மாத்திரை எதற்கு?" என்பது மருந்தகங்களில் அடிக்கடி கேட்கும் கேள்வி. உடம்பு சொல்லட்டும் என்று காத்திருந்தால், அது பார்வையை இழக்கும் நாளில் முதன்முறையாகச் சொல்லக்கூடும்.

போய்த் திரும்பி வந்த பார்வை

62 வயதான டாக்சி ஓட்டுநர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். காப்பிக்கடையில் உட்கார்ந்திருக்கிறார். வலது கண்ணின்மேல் ஒரு திரை இறங்குவதுபோல் இருக்கிறது. சாம்பல் நிறமாகி, பிறகு இருட்டாகிறது. வலி இல்லை. ஐந்து நிமிடத்தில் திரை விலகிப் பார்வை முழுமையாகத் திரும்பிவிடுகிறது. அவர் என்ன செய்வார்? பெரும்பாலும் காப்பியைக் குடித்துவிட்டு வண்டியை எடுப்பார். மாலையில் மனைவியிடம் சொன்னால், "தூக்கம் போதவில்லை" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

நடந்தது என்ன? கழுத்துக் குழாயின் சுவரில் படிந்த கொழுப்பிலிருந்து ஒரு துணுக்கு கழன்று, கண்ணின் தமனியைச் சிறிது நேரம் அடைத்திருக்கலாம். பிறகு அது கரைந்தோ நகர்ந்தோ போயிருக்கலாம். இதைப் பக்கவாதத்தின் முன்னறிவிப்பாகவே மருத்துவர்கள் கருதுகிறார்கள். அடுத்த சில நாள்களில் பக்கவாதம் வரும் ஆபத்து மிக அதிகம். பார்வை திரும்பிவிட்டதே என்ற நிம்மதிதான் இங்கே உண்மையான எதிரி.

துணுக்கு நகராமல் அங்கேயே சிக்கிக்கொண்டால் அது கண்ணில் வரும் பக்கவாதம். ஒரு கண்ணின் பார்வை சில நொடிகளிலோ நிமிடங்களிலோ போய்விடும். அப்போதும் வலி இருக்காது. ரத்தம் கிடைக்காத விழித்திரை சில மணி நேரத்துக்குள் நிரந்தரமாகப் பாழாகிவிடும். 4 மணி நேரம் கடந்துவிட்டால் பார்வையை மீட்கும் வாய்ப்பு மிகவும் குறைந்துபோகிறது. "நாளைக் காலையில் பலதுறை மருந்தகத்துக்குப் போகலாம்" என்பதற்கோ, மூக்குக்கண்ணாடிக் கடையில் காட்டலாம் என்பதற்கோ இதில் இடமே இல்லை.

ஆகவே ஒரு கண்ணிலோ இரண்டிலுமோ பார்வை திடீரென்று போனால், திரும்பி வந்துவிட்டாலும் சரி, உடனே 995 எண்ணை அழையுங்கள். நீங்களே வண்டி ஓட்டிச் செல்லாதீர்கள். வீட்டில் இருக்கும் ஆஸ்பிரினை உங்கள் விருப்பப்படி விழுங்கவும் வேண்டாம். மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று உறுதியாகும் முன் அது கேடு செய்யலாம். மணி எத்தனை என்பதை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பார்வை எப்போது போனது என்பதுதான் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும்.

மருத்துவமனையில் கண்ணை மட்டும் பார்க்காமல் இசிஜி எடுப்பார்கள். கழுத்துக் குழாயையும் மூளையையும் ஸ்கேன் செய்வார்கள். கண்ணுக்காக வந்தவருக்கு இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். இதயம் சீரற்றுத் துடிக்கும்போது அதன் மேலறையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகும். அந்தக் கட்டி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் அடுத்ததைத் தடுக்க முடியும்.

மூளையின் பின்பகுதியில் பக்கவாதம் வந்தாலும் பார்வை பாதிக்கப்படும். அப்போது இரண்டு கண்களிலும் ஒரே பக்கத்துப் பாதி மறைந்துவிடும். பலர் இதை "இடது கண் போய்விட்டது" என்று தவறாக எண்ணிக்கொள்கிறார்கள். ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு மற்றொன்றை மூடிப் பாருங்கள். எந்தக் கண்ணை மூடினாலும் ஒரே பக்கம் தெரியவில்லை என்றால் கோளாறு மூளையில் இருக்கலாம். அதற்கும் 995தான். கடுமையான தலைவலியுடன் பார்வை மங்கி, வீட்டுக் கருவியில் ரத்த அழுத்தம் 180/120 அல்லது அதற்கும் மேல் காட்டினாலும் அப்படியே.

சிரை அடைப்பும் கண்ணில் போடும் ஊசியும்

தமனி அடைபடுவதைவிட, விழித்திரையிலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுசெல்லும் சிரை அடைபடுவதே அதிகமாக நிகழ்கிறது. இதற்கு உயர் ரத்த அழுத்தம் முக்கியக் காரணம். தடித்துப்போன தமனி பக்கத்திலுள்ள சிரையை நெரிக்கிறது; ரத்தமும் நீரும் கசிந்து விழித்திரை வீங்குகிறது. பார்வை சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ மங்கும். வீக்கத்தைக் குறைக்கக் கண்ணுக்குள் ஊசி மருந்து போடுவார்கள். கேட்டவுடன் பலரும் நடுங்குகிறார்கள். கண்ணை மரத்துப்போகச் செய்துவிட்டுத்தான் போடுவார்கள். சில நொடிகளில் முடிந்துவிடும். நடுக்கத்தைவிடக் கவலைக்குரியது வேறொன்று: மாதந்தோறும் ஊசிக்குத் தவறாமல் வருபவர்களில் சிலர், ரத்த அழுத்த மாத்திரையை மட்டும் நிறுத்திவிடுகிறார்கள். அடைப்புக்குக் காரணமானது அப்படியே இருக்கும்போது அடுத்த கண்ணுக்கும் ஆபத்துதான்.

கண்ணாடி முன் நின்று பார்க்கக்கூடியவை

மேல் இமையில், மூக்கை ஒட்டி மஞ்சள் நிறத்தில் மெத்தென்ற திட்டுகள் சிலருக்கு இருக்கும். கருவிழியின் ஓரத்தைச் சுற்றி வெண்சாம்பல் வளையமும் இருக்கலாம். முதியவர்களிடம் இந்த வளையம் சாதாரணம். தாத்தாவின் கண்ணில் பார்த்திருப்பீர்கள். ஆனால் 45 வயதுக்குள் அது தோன்றினால் ரத்தக் கொழுப்பைச் சோதிக்க வேண்டும். இமைத் திட்டுகள் உள்ளவர்களில் பலருக்குக் கொழுப்பு அளவு சரியாகவே இருக்கும் என்பதால் பயப்படத் தேவையில்லை. ஒரு ரத்தப் பரிசோதனை போதும். திட்டை அகற்றக் களிம்பு தேடுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு

சிங்கப்பூரில் சீனர்களைவிட இந்தியர்களிடமும் மலாய்க்காரர்களிடமும் நீரிழிவு அதிகம். அது விழித்திரையின் நுண்குழாய்களைப் பழுதாக்குகிறது. ரத்த அழுத்தமும் சேர்ந்துகொண்டால் பழுது விரைவுபடும். பலதுறை மருந்தகங்களில் நீரிழிவு உள்ளவர்களுக்கு விழித்திரையைப் படம் எடுக்கிறார்கள். வழக்கமாக ஆண்டுக்கு ஒருமுறை. உங்களுக்கு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பதை மருத்துவர் சொல்வார். அந்தப் படங்களைப் பயிற்சி பெற்றவர்கள் ஆராய்கிறார்கள். அவர்களுக்குத் துணையாகச் 'செலீனா பிளஸ்' என்னும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளும் இங்கேயே உருவாக்கப்பட்டுள்ளது. படம் எடுக்கும்போது வலிக்காது. பாவையை விரிக்கச் சொட்டு மருந்து போட்டால் சில மணி நேரம் வெளிச்சம் கூசும், பார்வை மங்கும். அன்று வண்டி ஓட்டாமல் எம்ஆர்டியில் போய் வாருங்கள். "நன்றாகத்தானே தெரிகிறது" என்று இந்தப் பரிசோதனையைத் தவிர்ப்பவர்கள் உண்டு. நன்றாகத் தெரியும்போது கண்டுபிடிக்கவே அது இருக்கிறது.

உப்பு, புகை, பரிசோதனை

ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் சோடியம் போதும். அதாவது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி உப்பு. சிங்கப்பூர்வாசிகள் சராசரியாக அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு உட்கொள்கிறார்கள். வீட்டுச் சமையலில் ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றையும், வெளியே பராட்டாவுக்கு ஊற்றும் குழம்பையும், மீ சூப்பையும் முதலில் பாருங்கள். குழம்பைக் கேட்டுக் குறைத்து வாங்கலாம். சூப்பைக் கிண்ணத்திலேயே விட்டுவிடலாம். புகைபிடிப்பவர்கள் இதயத்தோடு கண்ணின் மையப் பார்வையையும் பணயம் வைக்கிறார்கள். வயதாகும்போது வரும் விழித்திரை மையச் சிதைவு அவர்களுக்கு வரும் வாய்ப்பு மிக அதிகம். 40 வயதை எட்டிய குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 'ஹெல்தியர் எஸ்ஜி' திட்டத்தில் சேர்ந்து, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைத் தொடர்ந்து கவனிக்க ஒரு குடும்ப மருத்துவரைத் தேர்ந்தெடுக்கலாம்.

கண் மருத்துவரிடம் எல்லா மருந்துகளையும் சொல்லுங்கள்

இதுவரை சொன்னது இதயத்திலிருந்து கண்ணுக்கு. கண்ணுக்கு ஊற்றும் மருந்தும் இதயத்தை எட்டும் என்பது பலருக்குத் தெரியாது. கண் நீர் அழுத்த நோய்க்குக் கொடுக்கப்படும் 'டிமோலால்' போன்ற சொட்டு மருந்துகள், கண்ணீர்ப் பாதை வழியாக மூக்குக்குள் இறங்கி ரத்தத்தில் கலக்கும். அவை இதயத்துடிப்பை மெதுவாக்கலாம். ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுத்திணறலை உண்டாக்கலாம். இதயத்துடிப்பு குறைவாக உள்ளவர்களும் ஆஸ்துமா உள்ளவர்களும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொட்டு விட்டபின் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய உள்மூலையை விரலால் இரண்டு நிமிடம் மெதுவாக அழுத்திக்கொண்டால் உடலுக்குள் போகும் அளவு குறையும்.

மறுபக்கம், சீரற்ற இதயத்துடிப்புக்கு 'அமியோடரோன்' சாப்பிடுபவர்களுக்குக் கருவிழியில் மெல்லிய படிவுகள் உண்டாவது வழக்கம். விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம். கண்புரை அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவுடன், ரத்தத்தை நீர்க்கச் செய்யும் வார்ஃபரின், ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளைத் தாங்களாகவே நிறுத்துபவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலான கண்புரைச் சிகிச்சைகளுக்கு அவற்றை நிறுத்தத் தேவையில்லை; நிறுத்துவதால் பக்கவாதம் வரக்கூடும். முடிவு மருத்துவருடையதாக இருக்கட்டும். கண் பரிசோதனைக்குப் போகும்போது மாத்திரைப் பை முழுவதையும் எடுத்துச் செல்லுங்கள். நாட்டு மருந்து, சீன மருந்து சாப்பிட்டால் அதையும் சேர்த்து.