'எஸ்டேட்' என்னும் சொல்லும் அதன் பொருள்களும்

திரிசொல்லை நன்னூலார் இருவகைப்படுத்துவர். ஒரு பொருளைக் குறிக்கும் பல சொற்கள் ஒருவகை. கிள்ளை, தத்தை, சுகம் என்பன கிளியொன்றையே குறித்தல் போல்வன. பல பொருள்களைக் குறிக்கும் ஒரு சொல் மற்றொரு வகை. வாரணம் என்பது யானைக்கும் கோழிக்கும் சங்கிற்கும் பெயராதல் போல்வது. இவ்வியல்பு தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலத்திலும் இவ்விருவகைக்கும் எடுத்துக்காட்டாகும் சொற்கள் பலவுள. அவற்றுள் 'எஸ்டேட்' என்னும் ஒன்றை யாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம். ஆங்கிலம் கல்லாதாரும் நம் நெல்லை நாட்டில் நாடோறும் வழங்கும் திசைச்சொல் அது. அம்பாசமுத்திரத்தில் ஒருவர் "எஸ்டேட்டுக்குப் போகிறேன்" என்றால், மணிமுத்தாற்றிற்கு மேலுள்ள மாஞ்சோலை மலை என்று கேட்போர் உணர்வர்.

இச்சொல்லின் வேர் 'ஸ்டாட்டுஸ்' என்னும் இலத்தீன் சொல். நிற்றல் என்னும் வினையிற் பிறந்த அது 'நிலை' எனப் பொருள்படும். பழைய பிரெஞ்சு மொழியின் வழியே ஆங்கிலத்திற் புகுந்து 'ஸ்டேட்' என்றும் 'எஸ்டேட்' என்றும் இருகிளையாயிற்று. ஆகவே அரசைக் குறிக்கும் ஸ்டேட்டும், மதிப்பைக் குறிக்கும் ஸ்டேட்டஸும், தோட்டத்தைக் குறிக்கும் எஸ்டேட்டும் ஒரு தாய் மக்களேயாம். தமிழிலும் 'நில்' என்னும் அடியிலிருந்து 'நிலை' பிறந்தது. 'நிலம்' என்பதையும் அவ்வடியோடு இயைத்துக் கூறுவாருளர். நிலையும் நிலமும் அருகருகே நிற்றல் இரு மொழிக்கும் பொதுவாதல் வியக்கற்பாலது.

இனி, பொருள்களை முறையே காண்போம்.

முதலாவது, நிலைமை. ஆங்கிலத் திருச்சபையின் திருமண ஆராதனையில் இல்வாழ்க்கை ஓர் 'எஸ்டேட்' எனப்படுகிறது. மரியாளின் துதிப்பாட்டில் ஆங்கில வேதாகமம் 'தாழ்ந்த எஸ்டேட்' எனக் கூறுமிடத்தில் நம் தமிழ் வேதாகமம் 'தாழ்மை' என்கிறது. இங்கே நிலத்தின் வாடையே இல்லை.

இரண்டாவது, சமூகத்தில் ஒரு வகுப்பு. பிரான்ஸ் தேசத்தில் 1789ஆம் ஆண்டு கூடிய பேரவையில் குருமார், பிரபுக்கள், பொதுமக்கள் என மூன்று 'எஸ்டேட்'கள் இருந்தன. பத்திரிகையுலகை நான்காவது எஸ்டேட் என்று கூறும் வழக்கு இதனைத் தழுவியதே.

மூன்றாவது, உடைமை. இறந்தவர் விட்டுச்சென்ற பொருளனைத்தும் அவருடைய எஸ்டேட் ஆகும். இதற்குத் தமிழில் சொத்து, ஆஸ்தி, உடைமை என்பன உள. கெட்ட குமாரன் உவமையில் இளையவன் தகப்பனிடம் பங்கு கேட்டது ஆஸ்தியில்; பிற்கால ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்று அதனை எஸ்டேட் என்றே கூறும்.

நான்காவது, பெருநிலமும் அதன்கண் அமைந்தனவும். தேயிலை எஸ்டேட் இவ்வகையினது. தொழிற்சாலைகள் குழுமிய இடத்தையும் எஸ்டேட் என்பர். கிண்டியில் 1958இல் அமைந்ததைத் தமிழில் தொழிற்பேட்டை என்கிறோம். 'பிளாண்டேஷன்' என்பது இதற்கு ஒத்த சொல்லெனினும் வேறுபாடு உண்டு. அது நடப்பட்ட பயிரை நோக்கிய பெயர்; எஸ்டேட் என்பது உடையவனை நோக்கிய பெயர். தமிழில் இரண்டையும் 'தோட்டம்' என்று கூறி அமைகின்றோம்.

ஐந்தாவது, சட்டத்தார் கொள்ளும் பொருள். இதுவே நுட்பமுடையது. இங்கிலாந்தின் பழைய சட்டப்படி நிலமெல்லாம் அரசனுக்கே உரியது. ஏனையோர் உடையராவது நிலத்தையன்று. நிலத்தின்கண் தமக்குள்ள நிலையையே. அந்நிலை எத்துணைக் காலம் செல்லும் என்பதே எஸ்டேட்டின் அளவு. அந்நாட்டு 1925ஆம் ஆண்டுச் சட்டம் அதனை இரண்டாகச் சுருக்கிற்று: கால எல்லையில்லா முழுவுரிமை ஒன்று, ஆண்டுக் கணக்கால் வரையறுத்த குத்தகையுரிமை மற்றொன்று.

நிற்க. இப்பொருள்கள் அகராதியில் தனித்தனி வரிகளில் கிடப்பன. மாஞ்சோலையிலோ அவை ஒரே மலையின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. சிங்கம்பட்டி ஜமீன் சட்டப்படி ஓர் 'எஸ்டேட்'. அந்த ஜமீன் 1929இல் எண்ணாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட காட்டைப் பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பெனிக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது; அஃது ஆண்டுக் கணக்கால் வரையறுத்த எஸ்டேட். அங்கே மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து முதலிய தேயிலை எஸ்டேட்கள் எழுந்தன. 1948ஆம் ஆண்டு 'எஸ்டேட் ஒழிப்புச் சட்டம்' வந்தது. 1952இல் ஜமீன் அரசைச் சேர்ந்தது. எஸ்டேட் ஒழிந்தும் எஸ்டேட் ஒழியவில்லை. முதலாவது ஜமீன், இரண்டாவது தோட்டம். குத்தகை அரசின்கீழ்த் தொடர்ந்தது. அதன் எல்லை 2028.

இவ்வுரிமைகளுள் கொழுந்து பறித்தோர்க்கு உரியது எது? 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் அவர்க்கு வீடு தரவேண்டும் என்றது. ஆயின் அவ்வீடு வேலையோடு வருவது, வேலையோடு போவது. நான்கு தலைமுறை வாழ்ந்தும் சட்டத்தார் கூறும் எஸ்டேட் அவர்க்கு ஒரு முழமும் உண்டாகவில்லை. 1999 ஜூலை 23 அன்று அவர் பொருட்டுத் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் சென்ற ஊர்வலம் போலீசாரால் கலைக்கப்பட்டபோது, தாமிரபரணியில் 17 உயிர்கள் மாண்டன. 2024இல் கம்பெனி தேயிலைத் தொழிலை முடித்துக்கொண்டு தொழிலாளர்க்கு விருப்ப ஓய்வு அளித்தது. அரசே தோட்டத்தை ஏற்று நடத்தல் வேண்டும் என்ற கோரிக்கையை அவ்வாண்டு டிசம்பரில் உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. புலிகள் காப்பகத்தைச் சார்ந்த அம்மலை காட்டிற்கே மீளவேண்டும் என்பார் வழக்கும் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும் கீழிறங்கும் மக்கள் எதனை இழக்கின்றனர் என்று கேட்டால், சொத்து எனவும் தோட்டம் எனவும் கூறல் பொருந்தாது.

இலங்கையிலும் இதுவே கண்டோம். அங்கு மக்கட்டொகைக் கணக்கு நகரம், கிராமம், தோட்டம் என நாட்டை மூன்றாகப் பகுக்கும். அத்தோட்டங்களில் வாழ்ந்த தமிழருள் மிகப் பலர் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். எஸ்டேட்டில் வாழ்ந்தோர் ஸ்டேட் இன்றி நின்றனர். அக்குறை முற்றும் நீங்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருத்தல் வேண்டியதாயிற்று.

ஆகலின், மொழிபெயர்ப்புப் பயிலும் மாணவ நண்பர்கள் இச்சொல்லைக் காணுந்தோறும் சொல்வார் யாவர் என்பதை முதலில் நோக்குக. ஜமீன்தார் வாயில் அது ஆட்சி. கம்பெனியின் ஏட்டில் அது குத்தகை. கணக்கர்க்கு அது சொத்து. "எஸ்டேட்டில் பிறந்தேன், எஸ்டேட்டில் வளர்ந்தேன்" என்று மாஞ்சோலைத் தாயொருத்தி கூறுமிடத்து இவற்றுள் ஒன்றும் பொருந்தாது. அங்கே அதற்கு நேரான தமிழ்ச்சொல் 'ஊர்' என்பதேயாம். எம் அறிவிற்கு எட்டிய அகராதிகளில் அப்பொருள் காணப்படவில்லை. அதனைச் சேர்த்தல் தமிழ் பயில்வார் கடன் என்பது எம் துணிபு.