மறுமணமும் மறுமையும்

கேள்வி: சிப்காட்டில் பேக்கிங் வேலை செய்கிறேன். கணவர் தவறி நான்கு வருடமாகிறது. பத்து வயதில் மகன். மனைவியை இழந்த கிறிஸ்தவர் ஒருவர் என்னை மணக்கக் கேட்கிறார். "ஏழேழு ஜென்மத்துக்கும் என் மகன்தான் உன் புருஷன். மேலே போய் அவனுக்கு என்ன பதில் சொல்வாய்?" என்கிறார் மாமியார். மனசு அடித்துக்கொள்கிறது.
– வாசகி, கும்மிடிப்பூண்டி

பதில்: மாமியார் இல்லாததைச் சொல்லவில்லை, அம்மா. கணவன் போனபின் இன்னோர் ஆணின் பெயரைக்கூடச் சொல்லாதவளே அவன் உலகை அடைவாள் என்கிறது மனு ஸ்மிருதி. ஆனால் கணவன் இறந்தால் மறுமணம் செய்யலாம் என்று பராசர ஸ்மிருதி இடம் கொடுக்கிறது. அதைக் காட்டித்தான் ஈஸ்வர சந்திர வித்யாசாகர் வாதாடினார். 1856இல் விதவை மறுமணச் சட்டம் வந்தது.

உங்கள் மாவட்டத்துத் திருவாலங்காட்டையே பாருங்கள். காரைக்கால் அம்மையாரைத் தெய்வமென்று அஞ்சி விலகிய கணவர் பரமதத்தன், பாண்டிநாட்டில் வேறு பெண்ணை மணந்தார். பிறந்த மகளுக்கு அம்மையாரின் பெயரை வைத்தார். பிறகு அந்த மனைவியோடும் மகளோடும் வந்து அம்மையாரின் காலில் விழுந்தார். அம்மையார் சிவனிடம் கேட்டவையோ பிறவாமை, பிறந்தாலும் உன்னை மறவாமை, நீ ஆடும்போது அடியின்கீழ் இருக்கும் பேறு. அடுத்த பிறவியிலும் அதே கணவர் வேண்டும் என்று கேட்கவில்லை. திருவாலங்காட்டில் அந்தத் திருவடியின்கீழ்தான் அவர் இருக்கிறார் என்பது சைவர் நம்பிக்கை. வினை அவரவர் உயிருக்குத் தனித்தனி. கடைசியில் உயிர் சேரும் இடம் இறைவன்.

உங்களை மணக்கக் கேட்பவரின் வேதத்திலும் உங்கள் கேள்வியே இருக்கிறது. சகோதரர் எழுவரை ஒருவர்பின் ஒருவராக மணந்தவள் உயிர்த்தெழுதலில் யாருக்கு மனைவி என்று சதுசேயர் என்ற யூதப் பிரிவினர் கேட்டார்கள். அங்கே பெண் கொள்வதும் கொடுப்பதும் இல்லை என்றார் இயேசு. சொர்க்கத்தில் தம்பதிகள் சேர்ந்திருப்பார்கள் என்று நம்பும் இஸ்லாமும், நான்கு மாதம் பத்து நாள் இத்தா என்னும் காத்திருப்புக் காலம் முடிந்தபின் மறுமணத்தைத் தடுப்பதில்லை.

தகப்பனுக்குத் திதி கொடுக்கும் கடமை உங்கள் மகனுடையது. உங்கள் மறுமணத்தால் அது போய்விடாது. தை அமாவாசைக்கு அவனையும் மாமியாரையும் திருவள்ளூர் வீரராகவர் கோயில் குளக்கரைக்கு அழைத்துப் போங்கள். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர் அவர். பேரனும் கைவிட்டுப் போவானோ என்ற பயம் அவருக்கு இருக்கும். போவதில்லை என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு செய்தால் நீங்கள் இருவரும் மதம் மாற வேண்டியதில்லை. 30 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும்.