கரி எங்கிருந்து வருகிறது?

தொப்பூர் கணவாயில் ஏறும்போதுதான் முதன்முதலில் மக்கர் செய்தது. சங்ககிரியில் சிமெண்ட் ஏற்றி பெங்களூர் போன வண்டி. பாதி ஏற்றத்தில் இஞ்சின் லைட் எரிந்து, இழுவை செத்துவிட்டது. முழுக்க மிதித்தாலும் ஆள் நடக்கிற வேகத்துக்கு மேல் போகவில்லை என்று டிரைவர் அண்ணன் போனில் சொன்னார். பின்னால் வந்த வண்டிகளின் ஹாரன் சத்தத்தில் அவர் பேச்சே சரியாகக் கேட்கவில்லை.

2018 மாடல், பி.எஸ்.-4, பத்துச் சக்கரம். பட்டறையில் ஸ்கேனர் போட்டதும் ஈஜிஆர் வால்வு என்று வந்தது. கழற்றிப் பார்த்தால் உள்ளே தார் பூசியதுபோல் கரி. கழுவி மாட்டினார்கள். இரண்டே மாதத்தில் அதே லைட். அடுத்த முறை புது வால்வு. ஒரு மாதத் தவணையில் பாதியை அது விழுங்கியது. அதுவும் ஐந்து மாதம் தாங்கவில்லை. மூன்றாவது தடவை லைட் எரிந்தபோது, வண்டியை விற்றுவிடலாமா என்றே யோசித்தேன்.

இந்த வால்வு எதற்கு இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது என்றே நினைக்கிறேன். இஞ்சினுக்குள் சூடு மிக அதிகமாகும்போது காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சுப்புகை உண்டாகிறது. சைலன்சருக்குப் போகிற புகையில் ஒரு பங்கைக் கூலரில் ஆற்றி, மறுபடியும் உள்ளே விட்டால், எரியும் இடத்தில் ஆக்சிஜன் குறைந்து உச்சச் சூடு இறங்கும். அந்த நச்சும் குறையும். எவ்வளவு புகை திரும்பலாம் என்று திறந்து மூடுவதுதான் இந்த வால்வின் வேலை. பி.எஸ்.-3 கனரக வண்டிகளுக்குக் கிலோவாட் மணிக்கு 5 கிராம் என்றிருந்த நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு பி.எஸ்.-4இல் 3.5 ஆனது. 2017 ஏப்ரல் 1 முதல் 2020 மார்ச் வரை புது வண்டிகளுக்கு நாடு முழுவதும் அதுதான் சட்டமாக இருந்தது. அதற்காகச் சில வண்டிகளில் யூரியா வந்தது, சிலவற்றில் ஈஜிஆர்.

புகை திரும்பும் பாதையில் கொஞ்சம் கரி படியத்தான் செய்யும். அது இயல்பு. ஐந்து மாதத்தில் வால்வு இறுகுவது இயல்பல்ல. இந்த வேறுபாடு புரியாமல்தான் மாதக்கணக்கில் பணத்தைக் கொட்டினேன்.

மூன்றாவது முறை ஒரு பட்டறையில் தகடு வைத்து அடைத்துவிடலாம் என்றார்கள். செலவு சில நூறு ரூபாய்தான். எனக்கும் ஆசை வந்தது, மறைப்பதற்கில்லை. நாமக்கல்லில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் யோசனை கேட்கப் போனேன். “அடச்சா வண்டியோட கம்ப்யூட்டருக்குத் தெரியாதுங்களா? ஒழுங்கா புகை வரலைன்னு அது மறுபடியும் லைட்டப் போட்டு இழுவையக் குறைக்கும். அப்புறம் அதையும் ஏமாத்த இன்னொருத்தர்கிட்ட போவீங்க” என்றார். புகை விதியை மீறி ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ சட்டத்தில் உண்டு. டிரைவரின் லைசென்சுக்கும் ஆபத்து. நான் செய்கிற வேலைக்கு அவர் வண்டிப் பிழைப்பு போவதா? அந்த எண்ணத்தை அன்றே விட்டேன்.

பிறகு அந்த மெக்கானிக் கேட்டதுதான் என் கண்ணைத் திறந்தது. “வால்வுல கரி இருக்குதுன்னு எல்லாரும் சொல்லியிருக்காங்க தம்பி. அந்தக் கரி எங்கிருந்து வருதுன்னு யாராச்சும் பாத்தாங்களா?”

வால்வைத் தொடாமல் டிரைவர் அண்ணனிடம்தான் முதலில் பேசினார். காலையில் எப்படி இழுக்கிறது, வெறும் வண்டியில் எப்படி, புகை என்ன நிறம் என்று அரைமணி நேரம். நடுவில் அண்ணன், “ஹீட்டு முள்ளு பாதிக்கே வர்றதில்லைங்க, ரொம்ப நாளா அப்படித்தான்” என்றார். என்னிடமும் முன்பே சொல்லியிருக்கிறார். வண்டி சூடாகாமல் இருப்பது நல்லதுதானே என்று நான்தான் காதில் வாங்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

மெக்கானிக் தெர்மோஸ்டாட் மூடியைத் திறந்தார். உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை. அப்போதுதான் நினைவு வந்தது: முந்தைய கோடையில் நாக்பூர் பக்கம் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றது. சாலையோரப் பட்டறையில் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, இனிச் சூடே ஆகாது என்று அனுப்பிவிட்டார்கள். அன்றைய உண்மையான கோளாறு ரேடியேட்டர் அடைப்பு. அதையும் பின்னால் சரிசெய்தோம். ஆனால் தெர்மோஸ்டாட்டை யாரும் திரும்ப மாட்டவில்லை.

தண்ணீர் சுமார் 80 டிகிரியைத் தாண்டும்வரை ரேடியேட்டருக்கு விடாமல் இஞ்சினிலேயே சுற்ற வைப்பது தெர்மோஸ்டாட். அது இல்லையென்றால் இஞ்சின் எப்போதும் ஆறியே ஓடும். ஆறிய இஞ்சினில் டீசல் முழுதாக எரியாது. அரைகுறையாக எரிந்த டீசலின் ஆவி, குளிர்ந்த கூலரிலும் வால்விலும் பட்டு ஈரமாகப் படியும். உலர்ந்த கரித்தூள் காற்றோடு போய்விடும். இந்த ஈரத்தில் ஒட்டிய கரி போகாது. அடுக்கடுக்காக ஏறி இறுகிவிடும். ஆலை வாசலில் லோடு வரிசையில் மணிக்கணக்காக இஞ்சினை ஓடவிட்டு அங்குலம் அங்குலமாக நகர்ந்ததும் சேர்ந்துகொண்டது.

அதோடு முடியவில்லை. இன்டர்கூலர் ஹோஸில் கிளாம்புக்கு அடியில் ஒரு கிழிசல். வெளியிலிருந்து தெரியாது; சோப்புத் தண்ணீர் ஊற்றி ரேஸ் கொடுத்தபோது நுரை வந்தது. டர்போ அனுப்புகிற காற்று அங்கே கசிந்தால், போகிற டீசலுக்குக் காற்று பற்றாது, கரிதான் மிஞ்சும். இஞ்சின் மூச்சுக்குழாயின் ஃபில்டரும் அடைத்து, ஆயில் ஆவி காற்றுப் பாதையில் கலந்துகொண்டிருந்தது. கரியும் ஆயிலும் சேர்ந்தால் கிடைப்பது பசை. அதுதான் என் வால்வில் இருந்தது.

உங்கள் வண்டியில் காரணம் வேறாக இருக்கலாம். இன்ஜெக்டர் ஒழுகலாம், டர்போ சீல் போயிருக்கலாம், ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். புது வால்வுக்குப் பணம் எடுக்கும்முன் இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்கேனரில் கோடு எண்ணை மட்டும் படிக்காமல், கம்ப்யூட்டர் கேட்கிற திறப்பும் வால்வு உண்மையில் திறக்கிற அளவும் ஒன்றாக இருக்கிறதா என்று இஞ்சின் ஓடும்போதே பார்க்க வேண்டும். ஒயர் உரசி அறுந்திருந்தாலும் வால்வுமேல்தான் பழி விழும். என் நண்பர் ஒருவர் புது வால்வு வாங்கிய பிறகுதான் கனெக்டரில் பச்சை பூத்திருப்பதைக் கண்டார்.

கழுவுவதிலும் கவனம் தேவை. மோட்டார் இருக்கும் பக்கம் கிளீனர் இறங்கக்கூடாது. இறுகிய வால்வை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் உள்ளே பல் உடையும். கேஸ்கெட் புதிதாகப் போடுங்கள். வால்வை மட்டும் கழுவிவிட்டு, கரி நிறைந்த மேனிஃபோல்டில் மாட்டினால் பயனில்லை. அதையும் கழற்றியே சுத்தம் செய்ய வேண்டும், கட்டி உள்ளே விழுந்தால் இஞ்சினுக்கே கேடு. மாட்டியபின் வால்வின் மூடிய நிலையை ஸ்கேனரில் பதிய வைக்க வேண்டிய வண்டிகளில் அதை விட்டுவிட்டால் மறுநாளே லைட் வரும்.

கூலண்டுக்குப் பதில் போர்த் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஈஜிஆர் கூலரின் மெல்லிய குழாய்களை அது அரித்துவிடும். வெளியே ஒழுக்கு இல்லாமல் தண்ணீர் குறைந்து, வெள்ளைப் புகை வந்தால், வண்டியை மேற்கொண்டு ஓட்டாதீர்கள். கூலரைக் கழற்றி, வாய்களை அடைத்து, தண்ணீரில் மூழ்க வைத்துக் காற்று செலுத்தினால் குமிழி காட்டிக்கொடுக்கும். ஆயிலிலும் சிக்கனம் பார்க்கவேண்டாம். ஈஜிஆர் இஞ்சினில் ஆயிலுக்குள் கரி அதிகம் சேரும். அதைத் தாங்கத்தான் சி.ஐ.-4 தர ஆயில் 2002இல் வந்தது. கையேட்டில் சொன்ன தரத்துக்குக் கீழே ஊற்றக்கூடாது.

தெர்மோஸ்டாட் போட்டு, ஹோஸ் மாற்றி, ஃபில்டர் மாற்றி, அதே பழைய வால்வைக் கழுவித்தான் மாட்டினோம். மூன்று சாமானுக்கும் சேர்ந்த செலவு ஒரு புது வால்வின் விலையைத் தொடவில்லை. 40,000 கிலோமீட்டர் ஓடியபின் பார்ப்பதற்கென்றே கழற்றினேன். விரலால் தேய்த்ததும் உலர்ந்த கறுப்புத் தூளாக உதிர்ந்தது; பசை இல்லை.

இப்போது டூல் பாக்ஸில் ஒரு தெர்மோஸ்டாட்டும் அதன் கேஸ்கெட்டும் எப்போதும் இருக்கின்றன. ஒவ்வொரு நடை முடிந்து வந்ததும் டிரைவர் அண்ணனிடம் ஹீட்டு முள் எங்கே நின்றது என்று கேட்டு, கிலோமீட்டரோடு நோட்டில் எழுதிவைக்கிறேன்.